மரத்தில் நின்றவரும் டெலிபோனில் நின்றவரும்

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

2025 ஜூன் மாதம் உள்ளூராட்சி சபைகளுக்குத் தவிசாளர் தெரிவு நடந்த நாட்கள் ஞாபகமிருக்கும். பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஒரு கை இந்தப் பக்கம் உயர்ந்தால் ஒருவர் தவிசாளர், அந்தப் பக்கம் உயர்ந்தால் இன்னொருவர். நமக்குத் தெரிந்த ஒரு சபையிலும் அப்படித்தான் நடந்தது. ஒரு சின்னத்தில் வென்று வந்த உறுப்பினர், கடைசி நேரத்தில் மற்றச் சின்னத்துக்குக் கை உயர்த்தினார். சபையின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். எல்லாருக்கும் தெரியும், அவருடைய பிள்ளைகளும் நம்மிடம் படிக்கிறார்கள்.

அடுத்த நாள் தரம் 11 வகுப்பில் வரலாற்றுப் பாடம். ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், எங்கட வாப்பா போட்ட வோட்ட அவர் கொண்டுபோய் அங்கால குடுத்துட்டார். அவர்ர சீட்டப் பறிக்கச் சட்டம் இல்லையா?"

"இருக்கு" என்றேன். மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த ஒற்றைச் சொல் பாதிப் பொய். சட்டம் இருக்கிறது. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது, யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்பதைச் சொல்லாமல் "இருக்கு" என்று மட்டும் சொன்னால் பிள்ளை பிழையாக விளங்கிக்கொள்வான். அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு. சபைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு, அதன் அடிப்படையும் இதை ஒத்ததுதான். நான் பாராளுமன்றத்தின் கதையைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். கட்சி மாறுவதை நமது பிரதிநிதிகள் நேற்று இன்று பழகவில்லை. 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர்களாகக் கல்முனையில் கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் வென்றார்கள். இருவரும் பிறகு அரசாங்கப் பக்கம் போனார்கள். முஸ்தபா 1959 இறுதியில் தஹநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சராகவே ஆனார். அந்தக் காலத்துச் சோல்பரி யாப்பில் இதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை. ஒருவர் தொகுதியில் வென்றால் ஆசனம் அவருடையது. எந்தப் பக்கத்துக் கதிரையில் அமர்வது என்பது அவருடைய இஷ்டம், அடுத்த தேர்தலில் மக்கள் கணக்குப் பார்ப்பார்கள் என்பதுதான் ஏற்பாடு.

நம் பெரியவர்கள் இதைக் குற்றமாகவும் பார்க்கவில்லை. "அரசாங்கத்தோட இருந்தாத்தான் ரோட்டும் வரும், பள்ளிக்கூடமும் வரும்" என்பது கிழக்கில் பல தலைமுறைப் பேச்சு. சிதறி வாழும் ஒரு சிறுபான்மைக்கு அதில் ஒரு நியாயமும் இருந்தது. எதிர்க்கட்சியில் இருந்து கத்தியதால் மட்டும் எந்தக் கிராமத்துக்கும் தண்ணீர்க் குழாய் வரவில்லை. இதை மறந்துவிட்டு மேலே இருந்து தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

சட்டம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு விதை போட்ட நாள் 1964 டிசம்பர் 3. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்த வருடம்தான் லங்கா சமசமாஜக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு எடுக்க முயன்றதால் பெரும் எதிர்ப்பு. சபை முதல்வராகவும் மூத்த அமைச்சராகவும் இருந்த சி.பி. டி சில்வா, 13 பேரைக் கூட்டிக்கொண்டு எழுந்து எதிர்க்கட்சிப் பக்கம் நடந்தார். சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் அரசாங்கம் 73க்கு 74 என்று ஒரே ஒரு வாக்கால் தோற்றது. 1965 மார்ச்சில் தேர்தல் வந்தது, டட்லி சேனாநாயக்க பிரதமரானார்.

இந்தக் காட்சியில் ஒருவரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்து வந்தவர்களைக் கை நீட்டி வரவேற்ற ஐக்கிய தேசியக் கட்சியில் டட்லிக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ஜே.ஆர். ஜெயவர்தன. கட்சி மாறல் ஒரு அரசாங்கத்தை எப்படிக் கவிழ்க்கும் என்பதை இலாபம் பெற்ற பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். பதினான்கு வருடம் கழித்து அந்தக் கதவைப் பூட்டியவரும் அவரே.

1977 ஜூலைத் தேர்தலில் ஐ.தே.க. 168 ஆசனங்களில் 140ஐ எடுத்தது. 1978 செப்டெம்பர் 7இல் இப்போதுள்ள யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதோடு தொகுதி முறை போய் விகிதாசார முறை வந்தது. மக்கள் முதலில் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், கட்சிக்குக் கிடைக்கும் ஆசனத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள். அப்படியானால் ஆசனம் கட்சிக்குச் சொந்தம் என்பது தர்க்கம். இதற்காக எழுதப்பட்டதுதான் 99ஆம் உறுப்புரையின் 13ஆம் பந்தி.

அது சொல்வதை எளிய தமிழில் தருகிறேன். ஒருவர் பாராளுமன்ற உறுப்பினராகும்போது எந்தக் கட்சியின் நியமனப் பத்திரத்தில் அவர் பெயர் இருந்ததோ, அந்தக் கட்சியின் உறுப்புரிமையை இராஜினாமாவாலோ, நீக்கத்தாலோ, வேறு விதமாகவோ இழந்தால், ஒரு மாதம் முடிந்ததும் ஆசனம் வெறிதாகும். நீக்கப்பட்டவர் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். மூன்று நீதியரசர்கள் விசாரித்து, இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீக்கம் செல்லாது என்று அவர்கள் சொன்னால் ஆசனம் தப்பும்.

இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். கட்சி மாறி வாக்களித்தால் ஆசனம் போகும் என்று அதில் எங்கேயும் இல்லை. கட்சி உறுப்புரிமை போனால்தான் ஆசனம் போகும். ஒருவர் எதிர்ப்பக்கம் போய் அமைச்சராகி, "நான் இன்னும் என் கட்சியின் உறுப்பினர்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். கட்சி அவரை நீக்க வேண்டும். நீக்குவதற்கு ஒழுங்கான விசாரணை வைக்க வேண்டும். விசாரணையில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் அவர் தப்பலாம்.

இந்தியாவில் இது வேறு மாதிரி. அங்கே 1967இல் ஹரியானாவில் கயா லால் என்பவர் கட்சிக்குக் கட்சி தாவி நாடு முழுக்கப் பேசப்பட்டார். 1985இல் 52ஆவது திருத்தத்தால் பத்தாவது அட்டவணை வந்தது. கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தாலே பதவி போகலாம், முடிவு சபாநாயகர் கையில். பங்களாதேஷின் 70ஆம் உறுப்புரையும் கட்சிக்கு எதிராக வாக்களித்தால் ஆசனத்தைப் பறிக்கிறது. நமது நாட்டில் சாவி கட்சித் தலைமையிடமும் பூட்டு நீதிமன்றத்திடமும் இருக்கிறது.

இனி இந்தச் சட்டத்தின் முதல் பரீட்சையைப் பாருங்கள். எனக்கு இதுதான் முழுக் கதையிலும் மிகப் பெரிய பாடம்.

யாப்பு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மட்டக்களப்பின் முதலாவது உறுப்பினர் செ. இராஜதுரை, தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்றவர், "சொல்லின் செல்வர்" என்று பெயர் எடுத்தவர், 1956இல் இருந்து அந்தத் தொகுதியைத் தோற்காமல் வைத்திருந்தவர். கட்சித் தலைமையோடு அவருக்கு நீண்ட மனக்கசப்பு. 1977இல் அவருக்கு எதிராகவே காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இராஜதுரை ஐ.தே.க. பக்கம் வரத் தயாராக இருந்தார். ஆனால் ஜே.ஆர். தானே பூட்டிய கதவு குறுக்கே நின்றது.

என்ன செய்தார்கள் தெரியுமா? யாப்பையே திருத்தினார்கள். 1979 பெப்ரவரியில் வந்த இரண்டாவது திருத்தம் அதற்குத்தான். அந்த முதலாவது பாராளுமன்றத்தில் மட்டும், கட்சியை விட்டு நீங்கும் உறுப்பினரின் ஆசனம் தானாகப் போகாது, அதைப் பாராளுமன்றமே தீர்மானிக்கும் என்று வழி செய்தார்கள். ஆறில் ஐந்து பங்கு ஆசனம் ஐ.தே.க.வின் கையில். ஆகவே உள்ளே வருபவருக்குக் கதவு திறக்கும், வெளியே போக நினைப்பவருக்கு மூடும். 1979 மார்ச்சில் இராஜதுரை மாறினார், பிராந்திய அபிவிருத்தி அமைச்சரானார்.

அதற்கு முன்பே பொத்துவிலின் இரண்டாவது உறுப்பினர் எம். கனகரத்தினமும் கூட்டணியில் இருந்து ஐ.தே.க.வுக்கு மாறியிருந்தார். 1978 ஜனவரியில் கொழும்பில் அவரைச் சுட்டார்கள். காயத்தோடு உயிர் தப்பியவர் 1980இல் காலமானார். கட்சி மாறியவருக்குச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்த அதே காலத்தில், துப்பாக்கி வேறு தீர்ப்பை எழுதத் தொடங்கியிருந்தது. வடக்கு கிழக்கில் அந்த இரண்டாவது தீர்ப்பு எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை நாம் வாழ்ந்து பார்த்தவர்கள்.

தன் ஆட்களை ஜே.ஆர். இந்தச் சட்டத்தை மட்டும் நம்பி வைத்திருக்கவில்லை. 1982இல் தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வருடம் டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார். திகதியில்லாத கடிதம் தலைவரின் லாச்சிக்குள் இருக்கும்போது யார் எழுந்து மறுத்துப் பேசுவார்?

கட்சித் தலைமையின் கையில் இந்தச் சட்டம் எவ்வளவு கூர்மையான கத்தி என்பது 1991இல் தெரிந்தது. ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை ஒன்று ஆகஸ்டில் சபாநாயகர் எம்.எச். முஹம்மதிடம் கொடுக்கப்பட்டது. பின்னால் நின்றவர்கள் லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க, ஜி.எம். பிரேமச்சந்திர போன்ற ஐ.தே.க. பெருந்தலைகள். பிரேரணை கடைசியில் தோற்றுப்போனது. அவர்களைக் கட்சி நீக்கியது. அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கில் முதலாவது பிரதிவாதி நமது சமூகத்தின் மூத்த தலைவர்களில் ஒருவரான டாக்டர் எம்.சி.எம். கலீல். அதனால்தான் சட்டப் புத்தகங்களில் அது இன்றும் "காமினி திசாநாயக்க எதிர் கலீல்" என்று வாழ்கிறது.

டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரண்டு நீதியரசர்கள் நீக்கம் செல்லும் என்றார்கள். மார்க் பெர்னாண்டோ மட்டும் மாறுபட்டார். அவர்களுக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கியது பிழை என்பது அவர் நிலைப்பாடு. ஆசனங்கள் போயின. இவர்கள் வேறு கட்சிக்குத் தாவியவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். அமைச்சர் பதவிக்காக விலை போனவர்களும் அல்லர். தங்கள் சொந்தத் தலைவரிடம் கணக்குக் கேட்டவர்கள். தாவலைத் தடுக்க வந்த சட்டம் முதலில் வெட்டியது கேள்வி கேட்டவர்களை.

பின்னர் நீதிமன்றத்தின் போக்கு மாறியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி திலக் கருணாரத்னவை நீக்கியபோது அந்த நீக்கம் செல்லாது என்றார்கள். 2000இல் ஐ.தே.க. சரத் அமுனுகம முதலானவர்களை நீக்கிய வழக்கிலும், விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்று கட்சி தோற்றது. இயற்கை நீதி என்பது நல்ல கொள்கை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நடைமுறையில் விளைந்தது என்ன? சட்டத்தரணியை அருகில் வைத்துக்கொண்டு தாவினால் ஆசனம் பத்திரம் என்று ஆட்கள் படித்துக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டின் அந்த வழக்கில் கட்சியின் பக்கம் பிரதிவாதியாக நின்றவர் கரு ஜயசூரிய. 2007 ஜனவரியில் அவரே பல ஐ.தே.க. உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு மஹிந்த ராஜபக்ஷவின் அரசாங்கத்துக்குப் போனார். பிறகு திரும்பி வந்தார். 2018இல் பாராளுமன்றத்தைக் காப்பாற்றிய சபாநாயகர் என்று நாடு அவரைப் பாராட்டியது. ஆட்களைக் கறுப்பு வெள்ளையாகப் பார்க்க வேண்டாம் என்று வகுப்பில் சொல்வதற்கு இவரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

நமது வீட்டுக்குள் வருவோம்.

2004 தேர்தலுக்குப் பிறகு முஸ்லிம் காங்கிரஸில் இருந்து அமீர் அலி, றிசாத் பதியுதீன், நஜீப் ஏ. மஜீத் ஆகியோர் அரசாங்கத்தோடு சேர்ந்தார்கள். கட்சி நீக்கியது. உயர் நீதிமன்றம் நீக்கம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் நமது அரசியல் வரைபடமே வேறாக இருந்திருக்கும். ஆசனம் தப்பியவர்களைச் சுற்றித்தான் இன்னொரு முஸ்லிம் கட்சி வளர்ந்தது. இன்று ஊர் ஊராக இரண்டு அலுவலகம், இரண்டு மேடை, ஒரே குடும்பத்தில் இரண்டு கொடி. அதற்கு இந்தத் தீர்ப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தலைமைப் போட்டி எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் 2000 செப்டெம்பர் 16இல் மறைந்த நாளில் இருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

அஷ்ரபைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. அவரும் அரசாங்கத்தில் இருந்தவர்தான், அமைச்சராக இருந்தவர்தான். ஆனால் 1994இல் முழுக் கட்சியாகப் பேசி, வெளிப்படையாகச் சந்திரிகாவோடு சேர்ந்தார். 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்த உறவில் கிடைத்தது. அதற்குச் சற்று முன், அதே 1994இல், உள்ளூராட்சித் தேர்தலில் தான் மக்களிடம் சொன்ன இலக்கைக் கட்சி எட்டவில்லை என்பதற்காகத் தன் பாராளுமன்ற ஆசனத்தையே இராஜினாமா செய்தவர் அவர். எந்த 99ஆம் உறுப்புரையும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

2010க்கு வந்தால் சட்டத்தின் பெரிய ஓட்டை தெரியும். முஸ்லிம் காங்கிரஸ் அந்த முறை ஐ.தே.க.வோடு கூட்டுச் சேர்ந்து யானைச் சின்னத்தில் நின்றது. யானைக்கு வோட்டுப் போட்ட மக்கள் மஹிந்தவுக்கு எதிராகத்தான் போட்டார்கள். செப்டெம்பர் 8இல் 18ஆவது திருத்தம் வந்தது. ஒருவர் எத்தனை தடவையும் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கலாம் என்ற திருத்தம். தேர்தலில் 144 ஆசனம் எடுத்திருந்த அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டுக்கு 150 வேண்டும். கிடைத்தது 161. அதில் நமது கட்சியின் வாக்குகளும் உண்டு. தனி ஆள் தாவினால் நீக்கலாம். தலைவரே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனால் யார் யாரை நீக்குவது? அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

அடுத்தது 2020. இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி அந்த ஏப்ரலில் வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கலாம் என்று சொல்லியும் நமது ஜனாஸாக்கள் எரிந்தன. அந்த நெருப்பு எரிந்துகொண்டிருந்த நேரம்தான், ஒக்டோபர் 22இல், ஜனாதிபதிக்கு மீண்டும் அதிகாரங்களைக் குவிக்கும் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 156, எதிராக 65. எதிரணியில் இருந்து எட்டுப் பேர் ஆதரவாகக் கை உயர்த்தினார்கள், அதில் பெரும்பாலானோர் நமது ஆட்கள். ஜனாஸா விடயத்தில் விட்டுக்கொடுப்புக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் வாக்களித்தோம் என்று அவர்கள் பக்கத்தில் சொல்லப்பட்டது. அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு பச்சைக் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரி இறுதியில். மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் கபுறுகள் வெட்டப்பட்டன.

அந்த வாக்கால்தான் அனுமதி வந்ததா, உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எழுந்த குரலால் வந்ததா என்று இன்றும் தேநீர்க் கடைகளில் வாதம் நடக்கிறது. நான் இரண்டாவது பக்கம். வாக்குக்கும் அனுமதிக்கும் இடையில் நான்கு மாதம் எரிந்துகொண்டே இருந்தது என்பது என் கணக்கு. ஆனால் முதலாவது பக்கத்தில் இருப்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், அவர்கள் வீட்டிலும் ஜனாஸா எரிந்திருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்த எட்டுப் பேரில் முஸ்லிம் காங்கிரஸ்காரர்கள் நால்வர். நால்வரும் ஒரே கட்சி, ஒரே வாக்கு. ஆனால் நாலு பேரும் ஒரே சின்னத்தில் வென்றவர்கள் அல்லர். மட்டக்களப்பில் கட்சி தனியாகத் தன் மரச் சின்னத்தில் நின்று ஓர் ஆசனம் எடுத்தது. அதில் வந்தவர் நஸீர் அஹமட். மற்ற மூவரும் ஐக்கிய மக்கள் சக்தியின் டெலிபோன் சின்னத்தில் வந்தவர்கள். 99(13) கேட்பது நியமனப் பத்திரம் எந்தக் கட்சியுடையது என்று. மரத்தில் வந்தவரை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கினால் ஆசனம் ஆடும். டெலிபோனில் வந்தவர்களை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கினாலும், நியமனப் பத்திரம் அதனுடையது அல்லவே. ஒரே காரியத்தைச் செய்த நால்வரில் ஒருவரின் கழுத்தில் மட்டும் கயிறு.

அந்த ஒருவர் பிறகு இன்னும் தூரம் போனார். கட்சி எதிர்க்கச் சொன்ன வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 2022 ஏப்ரலில், நாம் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற அதே நாட்களில், கோட்டாபயவின் புதிய அமைச்சரவையில் சுற்றாடல் அமைச்சரானார். கட்சி உடனே நீக்கியது. அவர் உயர் நீதிமன்றம் போனார்.

2023 ஒக்டோபர் 6இல் நீக்கம் செல்லும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. ஆசனம் போனது. பல வருடங்களாக "எப்படியும் தப்பலாம்" என்று இருந்த நம்பிக்கைக்கு அது பெரிய அடி. அந்த ஆசனத்துக்கு வந்தவர் அலி ஸாஹிர் மௌலானா. 2004இல் கருணா அம்மானைக் கொழும்புக்குக் கொண்டுவர உதவிய விவகாரம் வெளியானபோது, தன் ஐ.தே.க. ஆசனத்தைத் தானே இராஜினாமா செய்தவர். இராஜினாமா செய்யாததால் போன ஆசனத்தில், ஒரு காலத்தில் இராஜினாமா செய்தவர் வந்து அமர்ந்தார். வரலாறு சிலநேரம் இப்படிக் குறும்பு பண்ணும்.

இரண்டு மாதத்துக்குள் முடிவு என்று யாப்பு சொல்கிறது. முடிவு வர ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஆனது. அவ்வளவு காலமும் அவர் அமைச்சர்தான். ஆசனம் போன ஏழாவது மாதம், 2024 மே மாதத்தில், வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். சட்டத்தால் ஆசனத்தைத்தான் எடுக்க முடிந்தது.

டெலிபோன்காரர்களில் இருவர் வேறு விதத்தில் சிக்கினார்கள். ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் நேரடியாக ஐக்கிய மக்கள் சக்தியின் ஆட்கள். 2022இல் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சர்களானார்கள். அவர்களுடைய நீக்கம் செல்லும் என்ற தீர்ப்பு 2024 ஓகஸ்ட் 9இல் வந்தது. செப்டெம்பர் இறுதியில் பாராளுமன்றமே கலைக்கப்பட்டுவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் அமைச்சர்களாக இருந்துவிட்டு, ஆசனத்தை இழந்தது கடைசி ஆறேழு வாரத்துக்கு.

சட்டம் கடுமையாக வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். 1991ஐப் பார்த்தால் எனக்குப் பயம். தலைவரிடம் கணக்குக் கேட்பவருக்கும் தலைவரை விற்பவருக்கும் ஒரே தண்டனை கொடுக்கும் சட்டத்தை இன்னும் கூர்மையாக்கினால், நமது கட்சிகளுக்குள் இப்போது இருக்கும் கொஞ்சநஞ்ச வாயும் அடைபட்டுப் போகும். என் யோசனை வேறு. வேறு பக்கம் போக விரும்புபவர் போகட்டும், ஆனால் ஆசனத்தை வைத்துவிட்டுப் போய், இடைத்தேர்தலில் மக்கள் முன் மீண்டும் நிற்கட்டும். விகிதாசார முறையில் இடைத்தேர்தல் இல்லை என்பது தெரியும். தேர்தல் முறையை மாற்றுவது பற்றி இருபது வருடமாகப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். விலை போனவருக்கும் கொள்கைக்காகப் போனவருக்கும் வித்தியாசத்தை நீதியரசர்கள் மூவரைவிட நம் ஊர் உம்மாமார் சரியாகச் சொல்வார்கள்.

அந்த மாணவனிடம் இதை எல்லாம் ஒரே பாடவேளையில் சொல்ல ஏலாது. அடுத்த பாடத்துக்கு 99(13)இன் முதல் பந்தியைக் கரும்பலகையில் தமிழில் எழுதிப் போட்டேன். கட்சி என்ற சொல், உறுப்பினர் என்ற சொல், நீதிமன்றம் என்ற சொல், ஒவ்வொன்றின் கீழும் கோடு போடச் சொன்னேன். பிள்ளைகள் போட்டார்கள். பின் வாங்கில் இருந்து அவன்தான் மறுபடி கையை உயர்த்தினான்.

"சேர், இதுல எங்கட வாப்பா எங்க?"

பலகையை நானும் ஒரு தடவை பார்த்தேன். வாக்காளர் என்ற சொல் அந்தப் பந்தியில் இல்லை.